ஓ.எம்.ஆர்.: வீடுகள் எழுந்தன, சாலைக்கும் ரயிலுக்கும் பணம் கொடுத்தவர் யார்?

சென்னை மத்திய கைலாஷ் சந்திப்பில் தொடங்கித் தெற்கே சிறுசேரி வரை செல்லும் சுமார் 20 கிலோமீட்டர் சாலைக்கு அரசுப் பதிவேட்டில் ராஜீவ் காந்தி சாலை என்று பெயர். மக்கள் வாயில் அது இன்றும் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) தான். 2000ஆம் ஆண்டு ஜூலையில் தரமணியில் டைடல் பூங்கா என்ற ஐ.டி. வளாகம் திறக்கப்பட்டபோது இச்சாலையின் பெரும்பகுதி உப்பளம், சதுப்பு, சவுக்குத் தோப்பு, சில கிராமங்கள் என்றுதான் இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளில் அங்கே மென்பொருள் வளாகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நெருங்கி எழுந்து, நகரத்தின் வீட்டுச் சந்தையே தெற்கு நோக்கித் திரும்பிவிட்டது. இவ்வளவு வளர்ச்சிக்கும் தேவைப்பட்ட சாலைக்கும் பேருந்துக்கும் ரயிலுக்கும் யார் எப்போது எந்த வழியில் பணம் கொடுத்தார்கள் என்பதை மட்டும் இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. குடிநீர், கழிவுநீர், வெள்ளம் ஆகியவை தனித்தனியாக எழுத வேண்டிய கதைகள்.

முதலில் நில அமைப்பைப் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் பாதிச் சிக்கல் அங்கேயே இருக்கிறது. சாலைக்குக் கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய், அதற்கப்பால் கிழக்குக் கடற்கரைச் சாலை. மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய நாடா போன்ற நிலத்தில் வளர்ச்சி நடந்ததால், எந்தப் பக்கம் வீடு கட்டினாலும் வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக அதே ஒரு சாலைக்குத்தான் வர வேண்டும். கால்வாயைக் கடந்து கடற்கரைச் சாலைக்குச் செல்லும் வழிகள் மிகச் சில. சோழிங்கநல்லூரிலிருந்து அக்கரைக்குச் செல்லும் இணைப்பு முக்கியமானது. அதிலும் ஒரு சுங்கச்சாவடி இருந்தது. துரைப்பாக்கத்தையும் நீலாங்கரையையும் இணைக்கும் பாலமோ நிலம் கையகப்படுத்துவதிலேயே ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. பிரதான சாலைக்குப் பணம் திரட்ட ஒரு வழி கிடைத்தது. அதன் குறுக்குச் சாலைகளுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

பிரதான சாலைக்குக் கிடைத்த அந்த வழி சுங்கக் கட்டணம். மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் உட்கட்டமைப்புக்கு நிதி தரும் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். நிறுவனமும் சேர்ந்து 1998இல் தொடங்கிய தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம், கிழக்குக் கடற்கரைச் சாலையைச் சீர்செய்து சுங்கம் வசூலித்த அனுபவத்தோடு, ஓ.எம்.ஆர். பணிக்கென்று ஐ.டி. எக்ஸ்பிரஸ்வே என்ற துணை நிறுவனத்தை அமைத்தது. ஆறு வழிச் சாலை 2008 அக்டோபரில் திறக்கப்பட்டது. கடன் வாங்கிச் சாலை போடுவது, வண்டி ஓட்டுபவரிடம் வசூலித்துக் கடனை அடைப்பது என்ற இந்த ஏற்பாட்டை அன்றைய சூழலில் வைத்துப் பார்த்தால் குறைசொல்ல முடியாது. அரசு முதலீட்டுக்காகக் காத்திருந்தால் அந்தச் சாலை பத்தாண்டு தள்ளிப்போயிருக்கும். பயன்படுத்துபவர் பணம் கொடுக்கட்டும் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு.

ஆனால் சாலையைப் பயன்படுத்தியவர்கள் வண்டி ஓட்டியவர்கள் மட்டுமல்லர். சாலை வரப்போகிறது என்ற செய்தியிலேயே ஏக்கர் விலை பலமடங்கு ஏறியபோது, ஒரு நாள்கூட அதில் பயணம் செய்யாமல் பயன் பெற்றவர்கள் சாலையோர நிலத்தின் உரிமையாளர்களும் அவர்களிடம் முன்கூட்டியே வாங்கி வைத்தவர்களும் ஆவர். அந்த ஏற்றத்தில் ஒரு பைசாவைக்கூடச் சாலைக் கணக்கில் சேர்க்க சுங்கச்சாவடியால் முடியாது. பெருங்குடியில் வாடகைக்கு இருந்துகொண்டு காரில் அடையாறுக்குப் போன ஊழியர் தினமும் கட்டினார். அதே இடத்தில் காலிமனையைப் பூட்டிவைத்து விலை ஏறக் காத்திருந்தவர் கட்டவில்லை. ஓ.எம்.ஆர். கணக்கின் முதல் பிசகு இதுதான் என்பது என் கணிப்பு. பின்னால் வந்தவை பெரும்பாலும் இதன் தொடர்ச்சி.

இதனோடு ஐ.டி. கட்டடங்களுக்கு அரசு அளித்த கூடுதல் தளப்பரப்புக் குறியீட்டுச் சலுகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எஃப்.எஸ்.ஐ. என்று கட்டுமானத் துறையினர் சொல்லும் இந்த எண்தான் ஒரு மனையில் எத்தனை சதுர அடி கட்டலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. எண் கூடினால் அதே நிலத்தில் கூடுதல் ஆட்கள். கூடுதல் ஆட்கள் என்றால் அதே சாலையில் கூடுதல் வண்டிகள். முதலீட்டை ஈர்க்கத் தந்த சலுகை என்பது புரிகிறது. ஆனால் அந்தக் கூடுதல் ஆட்களை எதில் ஏற்றி அழைத்துவருவது என்ற கேள்வி அனுமதி வழங்கிய மேசையில் எழவில்லை. கட்டட விதிகள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் கார் நிறுத்த இடம் ஒதுக்கச் சொல்லும். பேருந்து நிற்கவோ திரும்பவோ இடம் கேட்பதில்லை. விதியே இப்படி இருந்தால் மக்கள் கார் வாங்குவதைப் பற்றிப் புலம்பிப் பயனில்லை.

வீட்டு அனுமதியில் வசூலானதும் அது போன இடமும்

கட்டுபவரிடமிருந்து அரசு எதுவுமே வாங்கவில்லை என்று சொன்னால் அது தவறாகிவிடும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 2007இல் செய்த திருத்தமும் அதையொட்டி 2008இல் வந்த விதிகளும் உட்கட்டமைப்பு மற்றும் வசதிக் கட்டணத்தைக் கொண்டுவந்தன. புதிய கட்டடத்தின் பரப்பளவுக்கு ஏற்ப அனுமதியின்போதே இதைச் செலுத்த வேண்டும். பெரிய மனைகளில் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை என்றால் நிலமாகவே தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் உயரமான கட்டடங்களுக்கு 3.25 என்ற எஃப்.எஸ்.ஐ.யை அடிப்படையாக வைத்து, 18 மீட்டருக்கு மேற்பட்ட அகலச் சாலையில் கட்டணம் செலுத்தினால் அதில் பாதியளவு கூடுதலாக, அதாவது 4.87 வரை கட்டலாம் என்றன.

ஆக, கருவிகள் எல்லாம் கையில் இருந்தன. குறை அவற்றின் இணைப்பில்தான். உட்கட்டமைப்புக் கட்டணம் மாநில அளவிலான ஒரே நிதியத்தில் சேர்ந்து, ஒரு குழுவின் முடிவுப்படி எந்த ஊரின் எந்தப் பணிக்கும் போகலாம். படூரில் கட்டிய கட்டடத்தின் கட்டணம் படூர் பேருந்துக்கோ சாலைக்கோ திரும்பி வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாமதமும் இன்னொரு குறை. சாலை அறிவிப்பால் நிலவிலை ஏறிய பிறகே இந்தக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. நிலத்தை விற்பவர் விலை சொல்வதற்கு முன்பே இப்படி ஒரு கட்டணம் உண்டு என்பது தெரிந்திருந்தால், கட்டுநர் அதைக் கழித்துக்கொண்டுதான் நிலத்துக்கு விலை பேசியிருப்பார். விலை முடிந்த பிறகு வந்தால் அது சதுர அடி விலையில் ஏறி, கடைசியில் வீட்டுக்கடன் வாங்குபவர் தலையில் விழும். கட்டணம் ஒன்றுதான், வரும் காலத்தைப் பொறுத்து அதைச் சுமப்பவர் மாறுகிறார்.

பத்திரப்பதிவுக் கணக்கு இன்னும் விநோதமானது. அடுக்குமாடி வீடு வாங்குபவர் வெகுகாலம் இரண்டு ஆவணங்கள் பதிந்தார்: யு.டி.எஸ். எனப்படும் பிரிபடாத நிலப் பங்குக்கு ஒரு கிரயப் பத்திரம், கட்டடத்துக்கு ஒரு கட்டுமான ஒப்பந்தம். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். வீட்டின் மொத்த விலை 60 லட்சம், அதில் யு.டி.எஸ். மதிப்பு 15 லட்சம். 2017க்கும் 2023 மார்ச்சுக்கும் இடையில் நிலப் பங்குக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4 ஆக 11 சதவீதம், அதாவது 1.65 லட்சம், மீதி 45 லட்சத்துக்கான ஒப்பந்தத்துக்கு 2 சதவீதம், அதாவது 90 ஆயிரம். மொத்தம் 2.55 லட்சம். 2023 டிசம்பரில் நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பு முறை வந்த பிறகு, 50 லட்சத்துக்கும் 3 கோடிக்கும் இடைப்பட்ட புதிய வீட்டுக்கு 7 சதவீதம் என்ற கணக்கில் அதே வீட்டுக்கு 4.2 லட்சம். வருவாய் கூடியது உண்மை. ஆனால் அதைக் கொடுத்தவர் சாலையால் லாபம் பார்த்த பழைய நில உரிமையாளர் அல்லர். இருபது ஆண்டு கழித்து வந்து, ஏறிய விலையையும் கொடுத்து, அதன்மேல் தீர்வையையும் கட்டும் புதுக் குடும்பம். அந்தப் பணத்திலும் ஓ.எம்.ஆர். போக்குவரத்துக்கென்று தனியே எடுத்துவைக்கப்பட்டது எதுவும் இல்லை.

கார் இல்லாதவர்கள்

சாலைக்குச் சுங்கம் இருந்தது. பேருந்துக்கு அப்படி எந்த நிதியும் இல்லை. பிராட்வேயிலிருந்து 102, கோயம்பேட்டிலிருந்து 570 போன்ற மாநகரப் பேருந்துகளும் ஷேர் ஆட்டோக்களும் சுமந்தது போக, மீதியைக் கம்பெனி பஸ்கள் சுமந்தன. ஒவ்வொரு நிறுவனமும் தன் ஊழியருக்கென்று தனித்தனியாகப் பேருந்துகளை வாடகைக்கு எடுத்து, ஒரே வழித்தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டியது. சொல்லப்போனால் ஓ.எம்.ஆரின் உண்மையான பொதுப் போக்குவரத்து நிதி இதுதான்: நிறுவனங்களின் சொந்தச் செலவு. அந்த வளாகத்துக் கேன்டீனில் வேலை பார்ப்பவரும், எதிர்ச் சாரியில் வீட்டு வேலைக்குப் போகும் அக்காவும் அதில் ஏற முடியாது என்பது மட்டுமே வேறுபாடு. நிறுவனங்கள் தனித்தனியே செலவழித்த தொகையை ஒரு பொது நிதியில் சேர்த்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்கு வழித்தடம் வாங்கியிருக்கலாம். அதற்கான அமைப்பு இருந்தும் இயங்கவில்லை. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இலேயே வந்துவிட்டது. குழுமம் செயல்படத் தொடங்க அதன்பின் பத்தாண்டுக்கு மேல் ஆனது.

இதே வழித்தடத்தில்தான் அரசே பெரிய அளவில் வீடு கட்டியது என்பதை மறந்துவிடக் கூடாது. 2000 முதல் கண்ணகி நகரிலும், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரியிலும், அடுத்த பத்தாண்டில் பெரும்பாக்கத்திலும் குடிசை மாற்று வாரியம் பல்லாயிரம் குடியிருப்புகளைக் கட்டி, கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் கடலோரத்திலிருந்தும் குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்தது. நிலம் மலிவு என்பதால் இடம் அங்கே முடிவானது. வேலை பழைய இடத்திலேயே இருந்தது. சேத்துப்பட்டிலோ மயிலாப்பூரிலோ நடந்தே வேலைக்குப் போன பெண், செம்மஞ்சேரியிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டி வந்தபோது, சம்பளத்தில் கணிசமான பங்கு டிக்கெட்டுக்குப் போனது. பலர் வேலையையே விட்டார்கள். வாரியத்தின் திட்ட மதிப்பீட்டில் நிலச் செலவு குறைந்த அளவுக்கு, அந்தக் குடும்பங்களின் மாதக் கணக்கில் பயணச் செலவு ஏறியது. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகே இந்தச் சுமையின் ஒரு பகுதி இறங்கியது.

ரயில் பக்கத்தில் வந்து திரும்பியது

பறக்கும் ரயிலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995இலும், மயிலாப்பூர் வரை 1997இலும் வந்த இந்தப் பாதை, 2004 ஜனவரியில் திருவான்மியூரை அடைந்தது. அந்த நிலையத்திலிருந்து டைடல் பூங்கா கூப்பிடு தூரம். அங்கிருந்து ஓ.எம்.ஆரோடு தெற்கே போயிருக்க வேண்டிய பாதை மேற்கே திரும்பி, 2007 நவம்பரில் வேளச்சேரியில் போய் முடிந்தது. பரங்கிமலையோடு இணைப்பது என்ற நோக்கத்தில் அந்தத் திருப்பத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் கடைசிச் சில கிலோமீட்டர் பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்ததால் அந்த நோக்கமும் உரிய காலத்தில் நிறைவேறவில்லை. மயிலாப்பூரிலிருந்து வேளச்சேரி வரையிலான இரண்டாம் கட்டத்தின் செலவில் 67 சதவீதம் மாநில அரசு, 33 சதவீதம் ரயில்வே.

இந்த 67:33 என்ற விகிதம் புதிதல்ல. நவி மும்பையில் மான்கூர்டிலிருந்து வாஷி வழியாகச் சென்ற ரயில் பாதைக்கும் இதே விகிதம்தான்: அந்நகரை உருவாக்கிய அரசு நிறுவனமான சிட்கோ 67, ரயில்வே 33. விகிதம் ஒன்றாக இருந்தாலும் அந்த 67 எங்கிருந்து வந்தது என்பதில்தான் இரு ஊர்களும் பிரிகின்றன. 1970இல் மகாராஷ்டிர அரசு தொடங்கிய சிட்கோ, நகரம் அமையவிருந்த நிலத்தை முன்கூட்டியே கையகப்படுத்தி, தானே மேம்படுத்தி, விலை ஏற ஏறப் பகுதி பகுதியாக விற்றது. 1992 மே மாதத்தில் வாஷிக்கு ரயில் வந்தபோது, ரயிலால் ஏறிய நிலவிலை ரயிலைக் கட்டிய கையிலேயே இருந்தது. நிலையங்களின் மேலும் பக்கத்திலும் வணிகத் தளங்களையும் சிட்கோவே கட்டியது. சென்னையிலும் பறக்கும் ரயில் நிலையங்களை வணிக வளாகம் அளவுக்குப் பெரிதாகத்தான் கட்டினார்கள். பல நிலையங்களில் அந்தத் தளங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகவே கிடந்தன. நிலையத்தைச் சுற்றியிருந்த நிலத்தின் மீது ரயிலுக்கு எந்தப் பிடியும் இல்லாததால், மாநிலத்தின் 67 சதவீதமும் கஜானாவிலிருந்தே போனது.

நவி மும்பையை இலட்சிய நகரமாகக் காட்ட நான் விரும்பவில்லை. அங்கே 95 கிராமங்களின் நிலம் எடுக்கப்பட்டது. இழப்பீட்டை எதிர்த்து டி.பா. பாட்டீல் தலைமையில் நடந்த போராட்டத்தில் 1984 ஜனவரியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தனர். மேம்படுத்திய நிலத்தில் 12.5 சதவீதத்தைக் கொடுத்தவர்களுக்கே திருப்பித் தரும் திட்டம் அதன் விளைவாக வந்தது. நிலவிலை ஏற்றத்தைப் பொதுக் கணக்குக்குக் கொண்டுவருவது என்றால், அதில் முதலில் நிலத்தை உழுதவருக்குப் பங்கு வைக்காமல் செய்ய முடியாது என்பதை அந்த ஐந்து உயிர்கள் போன பிறகே அரசு ஏற்றது. ஆனால் ஓ.எம்.ஆரிலும் விவசாயிக்கு எல்லாம் கிடைத்துவிடவில்லை. சாலை அறிவிப்பு பரவுவதற்கு முன் தரகர்களுக்கு விற்ற கிராமத்தவர்கள் பெற்றது பழைய விலைதான்; ஏற்றத்தைப் பெற்றவர்கள் இடையில் வாங்கி வைத்தவர்கள்.

நிலத்தை அரசு முழுவதுமாக எடுக்காமலும் இதைச் செய்யலாம் என்பதற்கு அகமதாபாத் உதாரணம். அந்நகரின் 76 கிலோமீட்டர் சர்தார் படேல் சுற்றுவட்டச் சாலைக்கான நிலத்தின் பெரும்பகுதி, குஜராத்தின் நகரமைப்புத் திட்ட முறையில் கிடைத்தது. ஒரு பகுதியின் மனைகள் அனைத்தையும் ஒன்றாகத் திரட்டி, சாலைக்கும் பொது வசதிக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, சீரான வடிவில் சிறிதான மனையை உரிமையாளருக்கே திருப்பித் தருகிறார்கள். மனை சுருங்கினாலும் மதிப்பு கூடுவதால் உரிமையாளர் பெரிதாக எதிர்ப்பதில்லை. நகரத்துக்குச் சாலையும் குறுக்குத் தெருக்களும் கிடைத்துவிடுகின்றன. ஓ.எம்.ஆருக்கு இல்லாமல் போனது இந்தக் குறுக்குத் தெருக்கள்தான்.

சுங்கம் போனது, மெட்ரோ வந்தது

2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் மண்டலங்களாயின. மாநகராட்சிக்குச் சொத்து வரி கட்டிக்கொண்டு, அதே மாநகராட்சிக்குள் காய்கறி வாங்கப் போகவும் சுங்கம் கட்டுவதா என்று குடியிருப்போர் சங்கங்கள் கேட்டது நியாயமான கேள்வி. மெட்ரோ பணிக்காகச் சாலை குறுகப்போகிறது என்ற காரணமும் சேர்ந்து, 2021 ஆகஸ்ட் 30 முதல் நகர எல்லைக்குள் இருந்த நான்கு சாவடிகளில் வசூல் நின்றது. எல்லைக்கு வெளியே இருந்த நாவலூர்ச் சாவடி மட்டும் 2023 அக்டோபர் வரை நீடித்தது. ஒரே சாலையில் செம்மஞ்சேரிக்காரருக்கு இலவசம், படூர்க்காரருக்குக் கட்டணம் என்று இரண்டாண்டு ஓடியதை நினைத்தால், நகர எல்லையைப் போடுபவர்களுக்கும் சாலையைப் போடுபவர்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதோ என்று தோன்றும்.

சுங்கத்தை நீக்கியதை வரவேற்கலாம். ஆனால் அதற்கு மாற்றாக எந்த நிதியையும் அமைக்காமல் நீக்கியதால், சாலைச் செலவு மாநில பட்ஜெட்டுக்குப் போனது. அதோடு 63,246 கோடி ரூபாய் மதிப்பில் 118.9 கிலோமீட்டருக்கு மெட்ரோ இரண்டாம் கட்டமும் வந்தது. இதில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான 45.8 கிலோமீட்டர் வழித்தடத்தின் தெற்குப் பகுதிதான் ஓ.எம்.ஆர். மேல் தூண்களில் செல்கிறது. 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட இத்திட்டத்தை 2024 அக்டோபர் 3ஆம் தேதிதான் மத்திய அமைச்சரவை ஏற்றது. இடைப்பட்ட நான்காண்டும் மாநிலமே பொறுப்பைச் சுமந்தது. மத்திய அரசின் கணக்குப்படி 33,593 கோடி கடனும், பங்கு முதலீடும் சார்புக் கடனுமாக (மற்றக் கடன்களுக்குப் பிறகே திருப்ப வேண்டிய கடன்) 7,425 கோடியும் சேர்ந்து செலவில் சுமார் 65 சதவீதம் மத்தியின் பொறுப்பு, மீதி 35 சதவீதம் மாநிலத்தின் பொறுப்பு. ஜப்பான் அரசின் ஜைக்கா நிறுவனம், ஆசிய வளர்ச்சி வங்கி முதலியவற்றின் கடன்தான் இதன் முதுகெலும்பு.

மெட்ரோ கட்டியதைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. இருபது ஆண்டு முன்பே வந்திருக்க வேண்டியது அது. ஆனால் ராமநாதபுரத்து மிளகாய் விவசாயி கட்டும் வரியும் இதில் இருக்கிறது. சாலை போட்டு நிலவிலையை ஏற்றிய அரசே, இப்போது நிலையத்தின் வாசலுக்கு நாலு கிரவுண்டு வேண்டும் என்று அதே ஏறிய விலையில் இழப்பீடு கொடுக்கிறது. ஐ.டி. தொழிலால் மாநிலம் முழுவதும் பயனடைகிறது, எனவே மாநிலம் முழுவதும் கொடுக்கட்டும் என்று வாதிடலாம். வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை அது சரி. வரியைப் பொறுத்தவரை, மென்பொருள் ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, வருமான வரி மத்திக்குப் போகிறது. மாநிலத்துக்கு நேரடியாகக் கிடைப்பது ஊழியர்களின் செலவிலிருந்தும் பத்திரப்பதிவிலிருந்தும்தான்.

2017இல் வந்த தேசிய மெட்ரோ ரயில் கொள்கை, நிலவிலை ஏற்றத்தில் ஒரு பங்கை ரயிலுக்குத் திருப்ப வேண்டும் என்கிறது. மகாராஷ்டிரம் மும்பை, புனே, நாக்பூர் ஆகிய நகரங்களில் 2022 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வையோடு ஒரு சதவீத மெட்ரோ வரி சேர்த்திருக்கிறது. இது எளிய வழி, ஆனால் மொண்ணையான வழி. ரயில் நிலையத்தை ஒட்டி வாங்கினாலும் பத்து கிலோமீட்டர் தள்ளி வாங்கினாலும் ஒரே வரி, அதுவும் வாங்குபவரிடமிருந்து. ஓ.எம்.ஆரில் இப்போது இதைக் கொண்டுவந்தால் பழைய ஏற்றம் எதுவும் கைக்கு வராது, புதிதாக வருபவர்தான் மறுபடியும் கட்டுவார்.

ஏற்றம் இன்னும் முடியாத இடம் சிறுசேரிக்குத் தெற்கே இருக்கிறது. மெட்ரோ சிப்காட்டில் முடிகிறது; கேளம்பாக்கம், தையூர், திருப்போரூர் என்று மனைப் பிரிவுகள் அதற்கும் தெற்கே போய்விட்டன, விளம்பரப் பலகைகளில் மெட்ரோ இப்போதே வந்துவிட்டது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கப்பட்டதால் இந்த ஊர்கள் இப்போது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் கணக்கில் வருகின்றன. அடுத்த நீட்டிப்பை அறிவிப்பதற்கு முன்பே அந்தக் கிராமங்களின் வழிகாட்டி மதிப்பை (பத்திரப்பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் நிலமதிப்பு) ஒரு தேதியில் குறித்துவைத்து, அதற்கு மேல் ஏறும் மதிப்பில் ஒரு பங்கைக் கட்டட அனுமதியின்போது வாங்கி, அதை மாநில நிதியத்தில் கரைக்காமல் அந்த வழித்தடத்தின் கணக்கிலேயே வைக்கலாம். திறந்தவெளிக்கு நிலம் வாங்குவது போலப் பணிமனைக்கும் குறுக்குத் தெருவுக்கும் நிலம் வாங்கலாம். அங்கே இன்னும் கணிசமான நிலம் கட்டப்படாமல் இருப்பதால் அகமதாபாத் முறைக்கும் இடமிருக்கிறது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிவரும் காலம் இது. ரயில் தடத்தின் கோடு அந்த வரைபடத்தில் ஏறும் நாளுக்கு முன்பே இந்தக் கணக்குத் தலைப்பு அரசாணையாக வர வேண்டும். கோடு முதலில் வெளியானால், 1998க்கும் 2008க்கும் இடையில் ஓ.எம்.ஆரில் நடந்த அதே நிலப் பேரம் தையூரில் நடந்து முடிந்துவிடும்.